இரண்டு ஊறல்கள்

வெயில் ஏறத் தொடங்கியதும் நகரத்துத் தோழர்கள் சிலரின் சமையலறை மேடைகளில் கண்ணாடி ஜாடிகள் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. வோட்காவில் கீறிப்போட்ட மாங்காயும் பச்சை மிளகாயும், ஜின்னில் நன்னாரி வேர், வெள்ளை ரம்மில் அன்னாசி. செய்முறையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கடையில் வாங்கும் சரக்கில் ஆல்கஹால் 42.8 சதவீதம். தண்ணீரில் கரையாத வாசனை எண்ணெய்களை அது இழுத்துக்கொள்ளும். மிளகாயைச் சில மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வாயில் வைக்க முடியாது. மாங்காய்க்கு இரண்டு மூன்று நாள், வேருக்கு இன்னும் கொஞ்சம். வடிகட்டி, சோடாவும் உப்பும் எலுமிச்சையும் சேர்த்தால் முடிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது, நானும் குடித்திருக்கிறேன்.

இதை இன்ஃப்யூஷன் என்கிறார்கள். தமிழில் ஊறல் என்று சொல்லலாம். ஆனால் யாரும் சொல்வதில்லை. ஏனென்றால் அந்தச் சொல் ஏற்கெனவே வேறொரு இடத்தில் புழங்குகிறது. கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் சாராய ஊறல் அழிப்பு என்று மாவட்டச் செய்திப் பக்கத்தில் படித்திருப்பீர்கள். கவிழ்த்த பேரல், தரையில் ஓடும் வெல்லத் தண்ணீர், பக்கத்தில் காக்கிச் சட்டைகள்.

இரண்டும் ஒன்றல்ல. ஜாடியில் ஆல்கஹால் உருவாவதில்லை, சுவை மட்டும் ஏறுகிறது. பேரலில் வெல்லமும் பட்டையும் நொதித்து, பிறகு காய்ச்சப்படுகிறது. வேதியியல் வேறு, சட்டம் வேறு. ஆனால் ஒருவரைக் கலைஞர் என்றும் இன்னொருவரைச் சமூக விரோதி என்றும் பெயர் வைத்தது வேதியியல் அல்ல. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பெயரைப் படித்துப் பாருங்கள். அதில் குண்டர்களுக்கு முன்பே வருகிறவர் கள்ளச்சாராயக்காரர்தான். விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம்.

கள்ளின் கதை இன்னும் பழையது. கமுதி கோவிலுக்குள் நுழைந்ததற்காகத் தங்கள்மீது தொடரப்பட்ட வழக்கில் நாடார்கள் 1908இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றார்கள். கள்ளிறக்கும் தொழில் தீட்டு என்பது அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் முக்கியமானது. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். இடையில் கடைகள் திறந்தன, மூடின. 1987இலிருந்து தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. ஆக, சுமார் ஐந்து சதவீத ஆல்கஹால் உள்ள கள் குற்றம், 42.8 சதவீத ஆலைச் சரக்கு அரசு வருமானம். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் வழக்கு. பனை மட்டும் மாநில மரம்!

இதைச் சொன்னால் உடனே கள்ளக்குறிச்சியைக் காட்டுவார்கள். காட்டட்டும். 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் 60க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பலர் தலித்துகள், அன்றாடக் கூலிகள். அவர்களைக் கொன்றது மெத்தனால். அது பேரலில் ஊறியதல்ல, ஆலைகளுக்கான ரசாயனம். டாஸ்மாக் குவார்ட்டர் வாங்கக் கட்டாத கைக்கு, பகல் 12 மணிக்குக் கடை திறக்கும் முன்பே பாக்கெட்டில் கிடைத்தது. அரசின் பதில், தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்திய சட்டத் திருத்தம். மலிவான, விஷமில்லாத குடி அந்த மக்களுக்கு ஏன் சட்டப்படி கிடைக்கவில்லை என்ற கேள்வியைச் சட்டமன்றம் தொடவில்லை.

குடியைப் பண்பாடு என்று கொண்டாட வரவில்லை. சேரியில் குடியின் அடியை வாங்குகிறவர்கள் பெண்கள்; கடையை மூடச் சொல்லி மறியலில் உட்காருகிறவர்களும் அவர்களே. அவர்களிடம் போய்க் கள் நம் மரபு என்று பாடம் எடுக்க எனக்கு வாய் வராது. தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தை எதிர்த்தார். குடி கெடுதலா என்பது ஒரு கேள்வி; தடுக்கிற லத்தி யார் முதுகில் விழுகிறது என்பது வேறு கேள்வி. அரசியல் நிர்ணய சபையில் மதுவிலக்குப் பற்றிப் பேச்சு வந்தபோது, ஆதிவாசிகளின் சடங்கில் அரிசிக் கள்ளுக்கு உள்ள இடத்தைச் சொல்லி எதிர்த்தவர் ஜெய்பால் சிங் முண்டா. அவர் குரல் எடுபடவில்லை. 47ஆம் பிரிவில் மதுவிலக்கு ஏறியது.

இப்போது காற்று மாறுகிறது. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1892இல் பம்பாய் மாகாண அரசு சில மாவட்டங்களில் பூப் பொறுக்குவதையே சட்டம் போட்டு முடக்கிய இலுப்பை, இன்று மத்தியப் பிரதேசத்தில் பாரம்பரிய மது. பெருநகர பார்களில் காக்டெயில். நம் ஜாடிக்காரர்களும் நாளைக்கு ஆலைச் சரக்கை விட்டுவிட்டு உள்ளூர்ச் சரக்கைத் தேடுவார்கள். தமிழ்நாட்டிலும் கள்ளுக்கு அனுமதி கேட்கும் குரல்கள் ஓங்குகின்றன. கேட்கட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் அதில் தோப்பு வைத்திருப்பவரின் குரல் கேட்கும் அளவுக்கு மரம் ஏறுகிறவரின் குரல் கேட்பதில்லை. பாளை சீவி, கலயம் கட்டி, விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறவர் வேறு. நிலப் பட்டா வைத்திருப்பவர் வேறு. இருவரையும் 'விவசாயி' என்ற ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம்.

உரிமம் மரத்துச் சொந்தக்காரருக்கல்ல, பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு என்று இப்போதே எழுதி வாங்க வேண்டும். சாராய வழக்கில் சிக்கி அலையும் மலைவாழ் மக்களில் மெத்தனாலோடு தொடர்பில்லாதவர்களின் வழக்குகளைத் திரும்பப் பெற வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல் கள்ளுக்கடை திறந்தால், உரிமத்தை ஏலம் எடுக்கப்போவது யார் என்பதைக் கல் குவாரி ஏலங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.