தொண்டை

சென்ற கூட்டத்தில் நான் வாசித்த கவிதைகளின் ஒலிப்பதிவைக் கேட்டேன். வெட்கமாக இருந்தது. தன் குரல் தனக்கே அந்நியமாய்க் கேட்பது உடற்கூறு விஷயம்: பேசும்போது மண்டையெலும்பு வழியாகவும் கேட்டுக்கொள்கிறோம், பதிவில் அது கிடையாது. என் வெட்கம் அதனால் அல்ல. பதிவில் இருந்தது கவியரங்கக் குரல். வரியை இரண்டு முறை சொல்லி, கடைசிச் சொல்லை இழுத்து, கைதட்டலுக்கு இடம் விட்டு — பதினோரு பேருக்கு முன்னால். மற்ற நண்பர்களும் அப்படியேதான்.

கிட்டப்பா (1906–1933) உச்சஸ்தாயியில் பாடியதற்கு நியாயம் உண்டு. மைக் இல்லாத நாடகக் கொட்டகை. கடைசி வரிசைக்கு எட்டவேண்டும். நமக்கு என்ன நியாயம்? யாப்பை விட்டாயிற்று என்கிறோம். தொண்டை மேடையை விடவில்லை.

பதிவின் முடிவில், ஜன்னலைச் சாத்தும்படி யாரிடமோ சொல்கிறேன். தாழ்ந்த, சற்றே கரகரத்த குரல். அந்தக் குரலில் வாசிக்க என் கவிதைகளில் இரண்டாவது தேறுமா?