துருவை மறைக்காதீர்!



என் பழைய மோரிஸ் மைனர் மகிழுந்தின் முன்சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளில் துரு ஏறியிருந்தது. "மேலாகத் தேய்த்துவிட்டுப் பவுடர் பூச்சு அடித்தால் புதிதுபோல் ஆகிவிடும், சார்" என்றார் பட்டறைக்காரர். இது பாதுகாப்பன்று, ஏமாற்று!

பவுடர் பூச்சு கெட்டியானதுதான். ஆயினும், கல் தெறித்து ஓரிடத்தில் பெயர்ந்தால் போதும். மழைநீர் உட்புகுந்து பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். வெளியே பளபளப்பு, உள்ளே அரிப்பு! துத்தநாகமோ, கீறல் விழுந்தாலும் தான் அரிந்து இரும்பைக் காக்கும். ஆகவே, மணல் பீய்ச்சித் துருவை முற்றாக அகற்றி, துத்தநாகம் மிகுந்த எபோக்சி அடிப்பூச்சிட்டு, அதன்மேல் வண்ணம் பூசுவதே முறை.

அதற்காக, எல்லாவற்றுக்கும் துத்தநாக மின்முலாம் என்பதும் அறியாமையே. பின்சக்கரங்களின் ஸ்பிரிங் பட்டைகள் உயர்வலிமை எஃகால் ஆனவை. அமிலக் குளியலிலும் மின்முலாமிலும் ஹைட்ரஜன் உட்புகுந்தால், அவை திடீரென முறியக்கூடும். அவற்றைத் தூய்மைசெய்து வண்ணம் பூசுவதே நன்று.

வாசிக்கத் தடுமாறும் மாணவனை மாதிரிக் கட்டுரை மனனம் செய்யவைத்துத் தேர்ச்சி காட்டுகிறோமே, அதுவும் துருவின்மேல் பூசிய பூச்சன்றோ? பளபளப்பைக் கண்டு மயங்காதீர்; அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்!