மூளையைத் தாக்கும் காவல் படை
ஒவ்வோர் அணுவையும் விசாரிக்கும் புதிய முறை

நியூயார்க் நகரில் பத்திரிகை நிருபராக இருந்த சூசன்னா கஹாலனுக்கு 2009-ல் வயது 24. திடீரென்று அவருக்குச் சித்தம் கலங்கியது, வலிப்பும் கண்டது. குடியின் விளைவு என்றார் ஒரு டாக்டர். மனநோய் என்றனர் வேறு சிலர். பிறகு வந்த டாக்டர் சுஹேல் நஜ்ஜார், ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பன்னிரண்டு எண்களையும் வலது பாதியிலேயே நெருக்கி எழுதினார் அந்தப் பெண். மூளையின் வலப்பக்கத்தில் அழற்சி என்று ஊகிக்க டாக்டருக்கு அந்தக் காகிதம் போதுமாக இருந்தது!

இந்நோயை 2007-ல் இனங்கண்டு சொன்னவர் டாக்டர் ஜோசப் டால்மாவ். கிருமியை எதிர்க்க வேண்டிய எதிர்ப்புப் பொருள்கள், வழி தவறி, மூளை அணுக்களின் மேலுள்ள 'என்.எம்.டி.ஏ.' ஏற்பிகளைப் பற்றிக் கொள்கின்றன. ஏற்பிகள் குறையக் குறையப் புத்தி பேதலிக்கிறது.

சிகிச்சை இல்லாமல் இல்லை. 577 நோயாளிகளைப் பற்றி 2013-ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. இரண்டாண்டு வரை கவனிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 81 பேர் நன்கு தேறியிருந்தார்கள். ஆனால், ஸ்டீராய்டு முதலிய முதல் சுற்றுச் சிகிச்சையில் நாலு வாரத்துக்குள் குணம் கண்டவர்கள் பாதிக்குச் சற்று அதிகம்தான். மற்றவர்களுக்கு எந்த மருந்து? சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ரிடுக்ஸிமாப் என்ற மருந்து 'சி.டி.20' என்னும் அடையாளம் தாங்கிய 'பி' அணுக்களை அழிக்கும். எதிர்ப்புப் பொருளைச் சுரந்து தள்ளும் பிளாஸ்மா அணுக்களுக்கோ அந்த அடையாளமே கிடையாது! அவற்றை ஒடுக்கப் போர்ட்டெசோமிப் போன்ற வேறு மருந்து வேண்டும்.

எந்த நோயாளிக்கு எது குற்றவாளி என்று துப்புத் துலக்க வந்ததே தனி அணு ஆய்வு. முதுகுத் தண்டு நீரிலுள்ள அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதனதன் ஆர்.என்.ஏ.யைப் படிக்கிறார்கள். பத்துக் காய் போட்ட கூட்டில் கசப்பது எது என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு காயாகக் கடித்துப் பார்த்தால்தானே!

பெர்லின் ஆராய்ச்சியாளர்கள் 2016-ல் இத்தகைய தனி அணுக்களைக் கொண்டே நோய் விளைக்கும் எதிர்ப்புப் பொருளைச் சோதனைச் சாலையில் உண்டாக்கிக் காட்டினார்கள். குற்றவாளி அணுவை மட்டும் தேடிக் கொல்லும்படி மாற்றிய 'டி' அணுக்களை 2023-ல் எலிகளிடம் சோதித்து, பலன் கண்டதாக அறிவித்தார்கள். எலி வேறு, மனிதன் வேறு என்பதை மறந்துவிடக் கூடாது.

தனி அணு ஆய்வு பெரும்பாலும் இன்னும் சோதனைச் சாலையைத் தாண்டவில்லை. செலவும் கொஞ்சமல்ல. ஆனால், எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று முதுகுத் தண்டு நீரைச் சோதிப்பது இன்றே செய்யக் கூடியது. நோய் இன்னதென்று தெரிந்து சிகிச்சை பெற்ற கஹாலன் அதே பத்திரிகை வேலைக்குத் திரும்பினார். 2012-ல் தம் கதையைப் புத்தகமாகவும் எழுதினார்.