முதுமையிற் பாடும் பாட்டு

பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடல்களை முதுமையுற்ற பாடகர் ஒருவர் எடுத்துப் பாடி இசைத்தட்டாக வெளியிடுவது வீண் முயற்சியென்று நம் மாணவ நண்பர் சிலர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். குரல் தளர்ந்தோர் பழம்பாட்டைப் பற்றுக்கோடாகக் கொள்கின்றனர் என்பது அவர்தம் வாதம். எமக்கு இஃது உடன்பாடன்று.

அமெரிக்க நாட்டிற் புளூஸ், ஸோல் என்னும் இசைவகைகளில் நெடுங்காலம் பாடிய எட்டா ஜேம்ஸ் என்பார், தமக்கு முந்திய தலைமுறையினராகிய பில்லி ஹாலிடேயின் ஜாஸ் பாடல்களை 1994-இல் தம் குரலிற் பாடி வெளியிட்டார். அவர்க்கு முதல் கிராமி விருதை ஈட்டித் தந்தது அத்தொகுதியே. அத்துணைத் தொலைவு செல்வானேன்? வேலூர்க்கு அணித்தே சான்றுளது.

1911 வரை நம் வடஆர்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது திருப்பதி. அத்தேவஸ்தானத்தார்க்காக எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் 1980-ஐ ஒட்டிப் 'பாலாஜி பஞ்சரத்னமாலா' என்னும் ஐந்து இசைத்தட்டுக்களைப் பாடியளித்தனர். 1916-இற் பிறந்த அம்மையார்க்கு அப்பொழுது பிராயம் அறுபதைக் கடந்திருந்தது. சங்கீத கலாநிதிப் பட்டமோ 1968-இலேயே வந்துவிட்டது. இனி அவர் அடைய வேண்டிய புகழ் யாது? அங்ஙனமிருந்தும், தம்மினும் பதினோராண்டு இளையவராகிய நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி அவர்களிடம் அமர்ந்து அன்னமாச்சாரியார் கீர்த்தனங்களைப் புதிதாகப் பாடம் செய்தனர். எம்மை வியப்பிலாழ்த்துவது இதுவே. ஓராண்டு வீணை பயின்றதும் ஆசிரியரைத் திருத்தப் புகுவோர் நம்மிடை இல்லையா?

பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அன்னமாச்சாரியாரின் சாகித்தியங்கள் திருமலையிற் செப்பேடுகளிற் காக்கப்பெற்றன. ஏட்டில் இராகத்தின் பெயர் உண்டு, மெட்டு இல்லை. இராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலியோர் நம் காலத்தில் மெட்டமைத்தனர். ஆகவே பழம்பாட்டு என்பது முழுதும் பழையதன்று. சொல் முன்னோருடையது, உயிர் பாடுவோருடையது. இளமையில் அம்மையாரிடம் மின்னிய விரைவு இத்தட்டுக்களில் இல்லையென்பார்க்கு யாம் மறுப்புரையோம். அதற்கு ஈடாக ஒவ்வொரு சொல்லும் நின்று ஒலிக்கின்றது.

1943-இற் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றிய நாளில் அவ்வியக்கத்திற்குத் துணைநின்றவர் தெலுங்குப் பாடலுக்குச் சென்றதேன் என்று வினவுவாரும் உளர். தமிழும் உருதுவும் தெலுங்கும் ஒரு கடை வாயிலிலேயே வழங்கும் ஆம்பூர், பேரணாம்பட்டு மக்களை இவ்வினா அத்துணை வருத்தாது. தமிழைத் தாழ்த்தாது பிறிதொன்றைப் பாடினாற் குறையென்ன?

ஈண்டு ஒன்று சொல்லிச் செல்வோம். அக்குரலுக்குப் பின்னின்று ஒலிக்கும் மிருதங்கம் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கொண்டு அமைவது. தோற்பதனிடுவோர் நிறைந்த நம் ஊர்ப்புறத்தில் அதனைச் செய்யும் கைகளை நினைப்பார் எத்துணைப் பேர்?

நம் ஊர் விழா மேடைகளிலோ இருபது வயதினர்க்கே இடமுண்டு. நாற்பதாண்டு கோயிற் பாடகர் குழுவிற் பாடிய முதியோர் முன்வரிசை நாற்காலியிற் சால்வை பெற்று அமர்கின்றனர். பாடும்படி அவரை ஒருவரும் கேட்பதில்லை. வருகின்ற பழைய மாணவர் கூட்டத்திலேனும் சால்வையைப் பின்னர்ப் போர்த்தி, முதலில் ஒரு கீர்த்தனை பாடக் கேட்கலாகாதா?