கவுன்சிலரின் கடிதமும் மூடிய பத்திரிகையும்

அமெரிக்க நகரங்களில் ஒரு பழக்கம் வேகமாகப் பரவி வருகிறது. வார்டு மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர், வாரந்தோறும் அந்த மக்களுக்கு மின்னஞ்சலில் ஒரு கடிதம் அனுப்புகிறார். பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் இனாமாக வருகிறது. ஷிப்டுக்குப் போகிறவன் பஸ்ஸிலேயே கைபேசியில் திறந்து படித்துவிடுகிறான். பெயர் கொடுப்போர் தொகை ஏறிக்கொண்டே போகிறது. நேற்றுவரை உள்ளூர்ப் பத்திரிகை வாங்கியவர்களுக்கு இன்று ஊர்ச் செய்தி என்றால் கவுன்சிலரின் கடிதம்தான்.

மக்கள் பிரதிநிதி மக்களுக்கு எழுதுவதை நாம் குறை சொல்லவில்லை. ஓட்டு வாங்கிய பிறகு ஐந்து வருஷம் முகத்தைக் காட்டாதவர்களை நமக்கும் தெரியும். வாரம் ஒரு கடிதம் எவ்வளவோ மேல். ஆனால் இந்தக் கடிதத்துக்கு இப்படித் திடீர் கிராக்கி வந்ததற்குக் காரணம் என்ன? அதைத்தான் பார்க்க வேண்டும்.

மே தினம் பிறந்த சிகாகோவையே எடுத்துக்கொள்வோம். அங்கே 50 வார்டுகள். வார்டுக்கு ஒரு கவுன்சிலர். நாலு வருஷத்துக்கு ஒரு தேர்தல். இவர் சாதாரண ஆள் அல்ல, தம் வார்டுக்குக் குட்டி ராஜா. எந்த மனையில் எத்தனை மாடி எழும்பலாம், எந்தக் கடைக்கு அனுமதி என்ற விஷயங்களில் அந்த வார்டு உறுப்பினரின் சொல்லைத் தாண்டி நகரசபை போவதில்லை என்பது நெடுநாளைய வழக்கம். சாலை, நடைபாதை, தெருவிளக்கு வேலைகளுக்கென்று வார்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டாலர் ஒதுக்குகிறார்கள். எந்த வேலை முதலில் என்று சொல்வது அவர்தான்.

அவருடைய கடிதத்தில் என்ன இருக்கும்? எந்தத் தெருவை எந்த நாள் கூட்டுவார்கள் என்று இருக்கும். அன்று காரை நகர்த்தாதவனுக்கு அபராதம். தண்ணீர்க் குழாய்க்காகச் சாலை தோண்டுவது, பனிக்காலத்தில் வண்டி நிறுத்தக் கூடாத வீதிகள், வாரச் சந்தை, தடுப்பூசி முகாம், பள்ளிக்கூட விழா எல்லாம் இருக்கும். பள்ளம் மூடிய இடத்தில் கவுன்சிலர் நின்று சிரிக்கும் படமும் தவறாமல் இருக்கும். பெரிய பத்திரிகைகள் இதையெல்லாம் ஒரு நாளும் போட்டதில்லை. பனியில் வண்டி சிக்கி அபராதம் கட்டினால் உழைப்பவனுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். எனவே அவன் இதைப் படிக்கிறான். நியாயம்தான்.

ஆனால் படிக்க வேறொன்றும் மிச்சமில்லை என்பதும் உண்மை. 2005லிருந்து அமெரிக்காவில் 3,000க்கும் அதிகமான பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன என்று நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் கணக்கெடுத்துச் சொல்கிறது. வாரத்துக்கு இரண்டு பத்திரிகை வீதம் சாகிறது. அவற்றில் பெரும்பாலானவை சின்ன ஊர்களின் வாரப் பத்திரிகைகள். நம்மைப் போன்றவைதான்.

எஃகுத் தொழிலாளர் நகரமான யங்ஸ்டவுனின் கதையைக் கேளுங்கள். ஓஹையோ மாநிலத்தில் இருக்கிறது. 1977 செப்டம்பரில் ஒரே அறிவிப்பில் சுமார் 5,000 பேரின் வேலைக்கு வேட்டு வைத்தார்கள். அந்த நாளைக் கறுப்புத் திங்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆலைகள் போன பிறகும் ‘விண்டிகேட்டர்’ என்ற நாளிதழ் நின்றது. ஊரை ஆட்டிவைத்த ரவுடிக் கும்பலையும், அவர்களிடம் கை நீட்டிய அதிகாரிகளையும் பற்றி எழுதிய பத்திரிகை அது. 150 ஆண்டு நடந்த பிறகு 2019 ஆகஸ்டில் அதையும் மூடினார்கள்.

விளம்பரப் பணத்தைக் கூகுளும் பேஸ்புக்கும் கபளீகரம் செய்தது ஒரு காரணம். இன்னொன்றைப் பலர் சொல்லத் தயங்குகிறார்கள். செத்த மாட்டைச் சுற்றும் கழுகு போல லேவாதேவி முதலாளிகள் பத்திரிகைகளைச் சுற்றுகிறார்கள். சிகாகோவின் பழம்பெரும் ‘டிரிப்யூன்’ இருந்த கம்பெனியை ‘ஆல்டன் குளோபல் கேப்பிடல்’ என்ற பணமுதலைக் கம்பெனி 2021 மே மாதம் 63 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. வாங்கிய சில நாளிலேயே, ‘பணம் தருகிறோம், வேலையை விட்டுப் போங்கள்’ என்று செய்தியாளர்களிடம் நீட்டியது. செய்தியறையில் சுமார் கால்வாசிப் பேர் வெளியேறினார்கள். மெஷினைக் கழற்றி விற்று லாபம் பார்க்கும் மில் முதலாளியை அறிந்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.

செய்தியாளன் போய்விட்டான். நகரசபைக் கூட்டத்தில் அவன் உட்கார்ந்திருந்த நாற்காலி காலி. அந்த இடத்தில்தான் கவுன்சிலரின் கடிதம் வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவரே நமக்குச் செய்தியும் சொல்கிறார்!

பழைய விஷயம் ஒன்றைச் சொல்கிறோம். 2008 டிசம்பரில் சிகாகோ மேயர் ரிச்சர்ட் எம். டேலி, நகரத்து வீதிகளில் வண்டி நிறுத்தக் காசு வசூலிக்கும் சுமார் 36,000 மீட்டர்களை 75 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார். எடுத்தது மார்கன் ஸ்டான்லி பாங்கு முன்நின்று அமைத்த கம்பெனி. தொகை சுமார் 115 கோடி டாலர். ஒப்பந்தத்தைக் காட்டிய சில நாளிலேயே நகரசபை 40க்கு 5 என்று கையைத் தூக்கியது. குறைந்த விலைக்கு, சுமார் 97 கோடி டாலர் நஷ்டத்தில், விட்டுவிட்டார்கள் என்று மறு ஆண்டே நகரசபையின் சொந்தத் தணிக்கை அதிகாரி அறிக்கை கொடுத்தார். மணிக்குக் கால் டாலர் இருந்த தெருக்களில் ஒரு டாலராயிற்று. 2013க்குள் இரண்டு டாலர். போட்ட முதலுக்கு மேலேயே கம்பெனி எடுத்துவிட்டது. குத்தகையோ இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடும்.

இந்த ஊழலைத் துருவித் துருவி எழுதியது ‘சிகாகோ ரீடர்’ என்ற இலவச வாரப் பத்திரிகை. அந்த 40 பேரில் ஒருவர், ‘படித்துப் பார்க்காமலே கையைத் தூக்கினேன்’ என்று தம் வார்டுக்குத் தாமே எழுதுவார் என்று யாரும் எதிர்பார்க்க முடியுமா?

எட் பர்க் என்று ஒருவர். 14வது வார்டில் 1969 முதல் 2023 வரை 54 ஆண்டு அசையாமல் இருந்தவர். நிதிக் குழுவின் தலைவர். ஓர் உணவுக் கடைக்காரர் கட்டடத்தைப் புதுப்பிக்க அனுமதி கேட்டால், ‘உன் வரி வழக்கை என் வக்கீல் கம்பெனிக்குக் கொடு’ என்று நெருக்கிய மனிதர். 2023 டிசம்பரில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. 2024 ஜூனில் இரண்டு ஆண்டு சிறை. 1970களிலிருந்து அந்த நகரசபையில் தண்டனை பெற்றவர்கள் 30க்கு மேல். இவர்களில் எவருடைய கடிதத்தில் அந்தக் கதை வந்திருக்கும்?

இன்னும் ஒரு படி மேலே போனார்கள் கலிபோர்னியாவின் பெல் என்ற சின்ன நகரத்தில். ஜனத்தொகை 40,000 கூட இல்லை. பெரும்பாலும் பிழைக்க வந்த ஸ்பானிய மொழி பேசும் ஏழைத் தொழிலாளர்கள். 2010ல் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ நாளிதழின் செய்தியாளர் இருவர் குட்டை உடைத்தார்கள். நகர நிர்வாகி ராபர்ட் ரிஸோவின் ஆண்டுச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர்! அமெரிக்க ஜனாதிபதிக்கே 4 லட்சம்தான். ஓய்வு நேரத்தில் வந்து போகும் கவுன்சிலர்களுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிய தொகை. முன்னதாக ஊர்க்காரர் ஒருவர் சம்பள விவரத்தை எழுத்து மூலம் கேட்டிருந்தார். பொய்த் தொகை எழுதிய காகிதத்தைக் கொடுத்து அவரை அனுப்பிவைத்திருந்தார்கள். அதுவும் நகரசபை கொடுத்த ‘தகவல்’தான். உண்மை வெளிவந்ததும் மக்கள் நகரசபை வாசலில் திரண்டார்கள்; 2011 மார்ச்சில் ஓட்டுப் போட்டு அந்தக் கூட்டத்தை விரட்டினார்கள். ரிஸோவுக்கு 2014ல் 12 ஆண்டுச் சிறை.

கவனிப்பாரில்லாத ஊரில் என்ன நடக்கும் என்பது வட்டிக்காரனுக்கு நன்றாகத் தெரிகிறது. பத்திரிகை மூடிய மாவட்டங்களில் உள்ளாட்சிகள் வாங்கும் கடனுக்கு வட்டி நூற்றுக்கு 0.05 முதல் 0.11 வரை கூடியிருப்பதாகப் பொருளாதார ஆராய்ச்சி ஒன்று கண்டிருக்கிறது. சின்ன எண்தான். கோடிக்கணக்கான கடனில் அது பள்ளிக்கூடத்துக் கூரையும் ஆஸ்பத்திரிக் கட்டிலும் ஆகும்.

அப்படியானால் கடிதத்தைக் கிழித்துப் போடச் சொல்கிறோமா? இல்லை. அதே சிகாகோவின் 49வது வார்டில் 2009ல் ஜோ மூர் என்ற கவுன்சிலர், தம் வார்டின் பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வேலைப் பணத்தை மக்கள் முன் வைத்தார். நீங்களே கூடிப் பேசுங்கள், நீங்களே ஓட்டுப் போடுங்கள் என்றார். அமெரிக்காவில் அது முதல் முறை. யோசனை பிறந்தது பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரேயில், தொழிலாளர் கட்சியின் நகரசபை 1989ல் தொடங்கிவைத்தது. கூட்டம் எங்கே, எந்த நாள், எந்த வேலைக்கு எவ்வளவு என்று சொல்ல ஒரு கடிதம் வேண்டும்தானே? அங்கே அது மக்கள் கைக்கு ஆயுதமாகிறது.

காலி நாற்காலியை நிரப்பவும் வழி கண்டிருக்கிறார்கள். சிகாகோவில் 2015ல் தோன்றிய ‘சிட்டி பீரோ’ என்ற அமைப்பு, சாதாரண ஜனங்களுக்குப் பயிற்சி கொடுத்து நகரசபைக் கூட்டங்களில் உட்காரவைக்கிறது. நடந்ததை அவர்கள் அப்படியே குறித்து ஊருக்குச் சொல்கிறார்கள். மணிக் கணக்கில் அதற்குக் கூலியும் உண்டு. ஓய்வுபெற்றவர், மாணவர், வேலையில்லாதவர் எல்லாரும் வருகிறார்கள். வேறு பல நகரங்களுக்கும் இது பரவியிருக்கிறது. பின் வரிசையில் ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தாலே மேடையில் பேச்சின் சுருதி மாறுகிறது.

கவுன்சிலரின் கடிதம் பொதுப்பணத்தில் சம்பளம் வாங்கும் ஆளை வைத்து எழுதப்படுகிறது. ஆகவே அந்த வார்டு மக்கள் உரிமையோடு கேட்கலாம். இந்த மாதம் எந்தத் தீர்மானத்துக்கு எந்தப் பக்கம் கை தூக்கினீர்? தேர்தல் நிதி கொடுத்த கட்டட முதலாளிகளில் யாருக்கு இந்த ஆண்டு அனுமதி கிடைத்தது? கூட்டம் முடிந்த பிறகு படம் அனுப்புகிறீரே, கூடுவதற்கு முன் பொருள் என்ன என்று ஏன் எழுதுவதில்லை? ஜனங்கள் அனுப்பும் பதிலை வெட்டாமல் அடுத்த கடிதத்தில் போடுவீரா?

ஈயக் குழாய் விஷயம் ஒன்று போதும். சிகாகோவில் சுமார் 4 லட்சம் இணைப்புகளில் இன்னும் ஈயக் குழாய் வழியேதான் வீட்டுக்குக் குடிதண்ணீர் வருகிறது. அமெரிக்காவில் வேறெந்த நகரத்திலும் இவ்வளவு இல்லை. 1986ல் மத்திய சட்டம் தடுக்கும் வரை, ஈயத்தைத்தான் போட வேண்டும் என்று நகரசபை விதியே இருந்தது. ஈயம் குழந்தைகளின் மூளையைத் தின்கிறது. மாற்றும் வேலையோ ஆமை வேகம். சாலை தோண்டும் தேதியைத் தவறாமல் எழுதும் கவுன்சிலர்கள், தோண்டிய பள்ளத்தில் தெரியும் குழாய் எந்த உலோகம், எந்தத் தெருவில் எத்தனை வீடு, எந்த மாதம் மாறும் என்பதையும் வரும் வாரக் கடிதத்தில் எழுதட்டும்.