கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் கைதட்டிப் பாருங்க

நல்ல ஆடியோ சிஸ்டம்னு பேச்செடுத்தாலே ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்ஸ், ஸ்பீக்கர் என்ன விலைன்னுதான் நம்ம ஆளுங்க கேக்கறாங்க. ரூம் எத்தனை அடின்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. என்னைக் கேட்டா, முதல் செலவு ரூமுக்குத்தான்.

நம்ம வீட்டு ரூம் எப்படி? பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. கீழ டைல்ஸ், மேல கான்கிரீட். ஒலியோட வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். அந்தக் கணக்குப்படி, பத்தடி தள்ளி நிக்கற ரெண்டு சுவருக்கு நடுவுல 56 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சத்தம் மாட்டிக்கிட்டு வீங்கும். நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவுன்னா, மூணும் ஒரே இடத்துல சேர்ந்து வீங்கும். சுவரோரம் உக்காந்தா பேஸ் மொத்தும், நட்டநடுவுல உக்காந்தா காணாமப் போயிடும். ஸ்பீக்கர் பத்து லட்சமானாலும் இதே கதைதான்!

இது ஒண்ணும் புது ஞானமில்ல. ஹார்வர்ட்ல எதிரொலிச்சுக்கிட்டே இருந்த ஒரு அரங்கத்தைச் சரிபண்ற வேலை 1895ல வாலஸ் சபைன் கைக்கு வந்தது. மனுஷன் பக்கத்து தியேட்டர்லேர்ந்து சீட் மெத்தைகளைத் தூக்கிட்டு வந்து போட்டு அளந்து பார்த்தார்.

நம்மகிட்டயும் ஜமுக்காளம், மெத்தை, புத்தக அலமாரி இருக்கே? கணீர் கணீர்ங்கறது அதுலயே அடங்கும். பேஸ் அடங்காது. அதுக்கு ஸ்பீக்கரையும் நாற்காலியையும் அரையடி அரையடியா நகர்த்திக் கேட்டுப் பாக்கணும். இதுக்குக் காசு செலவில்ல, பொறுமைதான் செலவு.

வாடகை வீட்டுக்காரங்களே, வீடு மாறினா ஸ்பீக்கர் கூடவே வரும், ரூம் வராது. ஞாபகம் வச்சுக்கிட்டு பர்ஸைத் திறங்க :-)