மரியோ ட்யூனை கிட்டார்ல வாசிச்சா... அது யாரோட சொத்து?

பெரம்பலூர்ல மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கு. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் அங்கே கத்துக்கலாம். கிட்டார் மட்டும் அந்தப் பட்டியல்ல கிடையாது. அதனால இங்கேயும் சரி, பக்கத்து அரியலூர்லயும் சரி, கிட்டார் ஆசை வந்த பலருக்கும் போன்தான் வாத்தியார். அதே போன்லதான் கேமும் ஓடுது. நாலு கார்டு பிடிபட்டதும் விரல் தானா கேம் மியூசிக் பக்கம் போறதுல ஆச்சர்யம் என்ன இருக்கு?

ஒருவகையில நல்ல தேர்வும்கூட. 1985-ல வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' இசையை எடுத்துக்கோங்க. இசையமைப்பாளர் கோஜி கோண்டோ. அந்தக் கால நின்டென்டோ மெஷினோட சவுண்டு சிப்ல மெலடிக்கு ரெண்டு குரல், பேஸுக்கு ஒண்ணு, தாளத்துக்கு கொஞ்சம் இரைச்சல். கிட்டத்தட்ட அவ்வளவுதான். கிட்டார்ல கட்டைவிரல் பேஸைப் பார்த்துக்கும், மத்த விரல்கள் மெலடியைப் பார்த்துக்கும். ஒரே ஆளு மொத்தப் பாட்டையும் வாசிச்சிடலாம். ஐம்பது வயலினும் கோரஸும் இருக்குற சினிமா பாட்டுல இது நடக்குமா?

பெரியவங்க இதை 'கேம் சத்தம்'னு ஒதுக்கலாம். ஆனா அதே மரியோ இசையை 2023-ல அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல்ல சேர்த்தது. வீடியோ கேம் இசை அதுல இடம்பிடிச்சது அதுதான் முதல் தடவை. கிராமியும் அதே வருஷம் கேம் இசைக்குத் தனி விருது கொடுக்க ஆரம்பிச்சது.

சிக்கல் அப்லோடு பண்ணும்போதுதான் தொடங்குது. "நான்தானே வாசிச்சேன், எனக்குத்தானே சொந்தம்?" உங்க ரெக்கார்டிங் உங்களோடது, சரி. ஆனா அந்த மெட்டு? நம்ம காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, இசையமைச்சவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் மெட்டுக்கு உரிமை உண்டு. கோண்டோ இன்னமும் வேலை பார்த்துட்டு இருக்கார். அமெச்சூர் குழு கட்டணம் வாங்காம மேடையில வாசிச்சா அதே சட்டத்துல விலக்கு இருக்கு. ஹாஸ்டல் டே-ல தாராளமா வாசிங்க. அதை நம்பி யூடியூப்ல ஏத்திடாதீங்க.

யூடியூப்ல ரெண்டு விஷயத்தைப் பலரும் குழப்பிக்கிறாங்க. 'கன்டென்ட் ஐடி க்ளெய்ம்' வந்தா பெரும்பாலும் விளம்பரக் காசு உரிமையாளருக்குப் போகும். வீடியோ அப்படியே இருக்கும். 'ஸ்ட்ரைக்' வேற. 90 நாளுக்குள்ள மூணு வாங்கினா சேனலே காலி. உங்க ரெண்டு வருஷ உழைப்பும் அதோட போச்சு. நின்டென்டோ கறாரான கம்பெனி. 2022-ல ஒரிஜினல் கேம் பாடல்களை ஏத்திட்டிருந்த ஒரு சேனலோட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோக்களை முடக்குச்சு. அது கிட்டார் கவர் இல்லைதான். இருந்தாலும் மாச வருமானத்தை மரியோவை நம்பி வைக்கறது எனக்கு சரியாப்படலை.

'டெட்ரிஸ்' வாசிக்கறீங்களா? அந்தப் பிரபலமான ட்யூன், 'கொரோபெய்னிகி'ங்கிற 19-ம் நூற்றாண்டு ரஷ்ய நாட்டுப்பாட்டு. பழைய மெட்டை யாரும் வாசிக்கலாம். 1989 கேம்பாய்ல வந்த இசைக்கோர்வையை அச்சு அசலா எடுக்காம, உங்க பாணியில கார்டு போடுங்க. அதுக்கும் க்ளெய்ம் வந்தா யூடியூப்ல 'டிஸ்ப்யூட்' பட்டன் இருக்கு. அமுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு: அவங்க மறுத்து, நீங்க அப்பீல் போய், அதுலயும் அவங்க வீடியோவை நீக்கச் சொன்னா, அந்த க்ளெய்ம் ஸ்ட்ரைக்கா மாறிடும்.